உறுமும் மோட்டாரை மறுபடி தட்டாதீர்! பம்புசெட்டில் மின் கோளாறைக் கண்டறியும் முறை

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கம்பத்தில் மின்சாரமும் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறதே தவிர ஓடவில்லை. கதிர் பிடிக்கும் நெல்லோ, பூ எடுத்த மிளகாயோ காய்ந்து கொண்டிருக்கும் வேளையில் இப்படி நேர்ந்தால், பெரும்பாலான விவசாயிகள் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அழுத்திப் பார்க்கின்றனர். நாலைந்து முறை அழுத்தியதும் கருகல் நாற்றம் வருகிறது. மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்கு அனுப்பி, திரும்பக் கொண்டு வந்து பூட்டுவதற்குள் பல நாட்கள் போய்விடுகின்றன. பணச் செலவு ஒரு பக்கம். பயிரில் ஏற்படும் நட்டம் அதைவிடப் பெரிது.

கவலை பூட்டி இறைத்த காலத்தில் வடம் அறுந்தாலும், சால் கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். 1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், கோவைப் பகுதிக் கிணறுகளில் மின்மோட்டார்கள் படிப்படியாக இடம் பிடித்தன. மின்சாரக் கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அது வெளிப்படுத்தும் அடையாளங்கள் உண்டு. அவற்றை வரிசையாகக் கவனித்தால், கோளாறு மின்கம்பியிலா, ஸ்டார்ட்டரிலா, மோட்டாரிலா, பம்பிலா என்பதை விவசாயியே ஓரளவு கண்டு கொள்ளலாம். பழுது பார்ப்பது பயிற்சி பெற்ற ஒயர்மேனின் வேலை. ஆனால் அவர் வருமுன் மோட்டார் எரியாமல் காப்பது விவசாயியின் கையில் இருக்கிறது.

மின்சாரம் வரும் வழி

டிரான்ஸ்பார்மரில் இருந்து மூன்று உயிர்க்கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் கம்பங்கள் வழியாக மோட்டார் கொட்டகைக்கு வருகின்றன. மூன்று உயிர்க்கம்பிகளையே மும்முனை என்றும், மூன்று பேஸ் என்றும் சொல்கிறோம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இவற்றை அடையாளப்படுத்துவது வழக்கம். எந்த இரண்டு பேஸ்களுக்கு இடையிலும் சுமார் 415 வோல்ட் இருக்க வேண்டும்.

கொட்டகையில் மீட்டர், மெயின் சுவிட்ச், மூன்று பியூஸ் கட்டைகள், ஸ்டார்ட்டர், அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் என்ற வரிசையில் மின்சாரம் நடந்து வருகிறது. கோளாறைத் தேடுவதும் இதே வரிசையில் இருத்தல் வேண்டும். முதலிலேயே மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை.

ஸ்டார்ட்டருக்குள் முக்கியமான உறுப்புகள் மூன்று. ஒன்று, நோ-வோல்ட் காயில். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் இது காந்தமாகி இழுத்துப் பிடிக்கும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். இரண்டாவது, காயில் இழுத்ததும் ஒன்றோடொன்று சேரும் காண்டாக்ட் முனைகள். மூன்றாவது, ஓவர்லோடு ரிலே. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால், இந்த ரிலேயில் உள்ள உலோகப் பட்டைகள் சூடாகி வளைந்து ஸ்டார்ட்டரை நிறுத்திவிடும்.

ஒரு பேஸ் இல்லாவிட்டால்

நின்ற மோட்டாருக்கு மூன்றில் ஒரு பேஸ் வராவிட்டால் அது சுற்றத் தொடங்காது, உறுமும். சுற்றாமல் நிற்கும் மோட்டார், முழுப் பளுவில் ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. அதனால்தான் சில விநாடிகளிலேயே காயில் சூடேறுகிறது. உறுமல் கேட்டவுடன் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட வேண்டும். காரணம் தெரியும் வரை பச்சைப் பொத்தானைத் தொடக் கூடாது.

மோட்டார் ஓடிக் கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் நிற்காமல் வேகம் குறைந்து, முனகிக் கொண்டே ஓடும். மீதியுள்ள இரண்டு பேஸ்களில் மின்சாரம் ஏறத்தாழ 1.73 மடங்காக உயரும். 5 குதிரைத் திறன் மோட்டார் முழுப் பளுவில் சுமார் ஏழரை ஆம்பியர் இழுக்கும் என்றால், இப்போது 13 ஆம்பியர் அளவுக்கு ஏறிவிடும்.

"ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அது நிறுத்தாதா?" என்று கேட்கலாம். நோ-வோல்ட் காயில் மூன்று பேஸ்களில் இரண்டுக்கு நடுவில்தான் இணைக்கப்படுகிறது. மூன்றாவது பேஸ் போனால் அந்தக் காயிலுக்கு ஒன்றும் தெரியாது. தொடர்ந்து பிடித்துக் கொண்டே இருக்கும். காயிலுக்கு உரிய பேஸ்களில் ஒன்று போனாலும், ஓடும் மோட்டாரில் இருந்தே திரும்பி வரும் மின்சாரம் அதைப் பிடித்து வைத்துவிடக் கூடும். எனவே ஓவர்லோடு ரிலே சரியான அளவில் வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காப்பாற்றும்.

மூன்று பேஸும் வருகிறதா என்று பார்த்தல்

பேனல் பெட்டியில் வோல்ட் மீட்டரும் அதைத் திருப்பிப் பார்க்கும் செலக்டர் சுவிட்சும் இருந்தால் வேலை எளிது. மோட்டார் நின்றிருக்கும்போது சிவப்பு-மஞ்சள், மஞ்சள்-நீலம், நீலம்-சிவப்பு என்று மூன்று நிலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றும் 415ஐ ஒட்டி இருந்தால் வரும் மின்சாரம் சரி. ஒன்று மட்டும் சரியாக இருந்து, மற்ற இரண்டும் மிகவும் குறைந்தோ, ஒன்றும் காட்டாமலோ இருந்தால் ஒரு பேஸ் வரவில்லை. குறைந்த இரண்டு அளவுகளிலும் பொதுவாக உள்ள பேஸ்தான் வராத பேஸ். எடுத்துக்காட்டாக, சிவப்பு-மஞ்சள் சரியாக இருந்து, மஞ்சள்-நீலமும் நீலம்-சிவப்பும் குறைந்திருந்தால் நீலம் வரவில்லை என்று கொள்ளலாம். வோல்ட் மீட்டர் பியூசுக்கு அப்பால் இணைக்கப்பட்டிருந்தால், கொட்டகைப் பியூசே போயிருக்கவும் கூடும். அதையும் பார்க்க வேண்டும்.

மூன்றும் ஒரே சீராக 350க்குக் கீழே இருந்தால் அது தாழ்வழுத்தம். மோட்டாரின் இழுவைத் திறன், வோல்ட்டேஜ் குறையும் அளவைவிட வேகமாகக் குறையும். வோல்ட்டேஜ் 100க்கு 80ஆகக் குறைந்தால் தொடக்க இழுவை 100க்கு 64ஆகிவிடும். அந்நேரத்தில் மோட்டாரைப் போடாமல் பொறுத்திருப்பதே நல்லது.

டெஸ்டர் விளக்கு எரிவதை மட்டும் வைத்து மூன்று பேஸும் இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. அதே டிரான்ஸ்பார்மரில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிக் கொண்டிருந்தால், அறுந்து போன பேஸ் கம்பியில் அந்த மோட்டார் வழியாக மின்சாரம் திரும்பி வரும். டெஸ்டர் எரியும், ஆனால் பளுவைத் தாங்கும் மின்சாரம் அதில் இருக்காது. இதை நம்பித்தான் பலர் மோட்டாரைப் போட்டு எரித்துவிடுகின்றனர்.

வராத பேஸ் தம் கொட்டகையில் மட்டும் இல்லையா, பக்கத்துத் தோட்டங்களிலும் இல்லையா என்று விசாரிப்பது நலம். எல்லோருக்கும் இல்லையென்றால் கோளாறு டிரான்ஸ்பார்மரிலோ, மின்கம்பியிலோ இருக்கிறது. ஊரில் சில வீடுகளில் விளக்கு நன்றாகவும், பல வீடுகளில் மிக மங்கலாகவும் எரிந்தால், டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11,000 வோல்ட் பக்கத்தில் ஒரு பியூஸ் போயிருக்க வாய்ப்புண்டு. மின்வாரிய லைன்மேனுக்குச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

தம் கொட்டகையில் மட்டும் என்றால், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பார்க்கலாம். மூன்றிலும் ஒரே கனமுள்ள பியூஸ் கம்பியே இருத்தல் வேண்டும். ஒன்றில் மெல்லிய கம்பியும், மற்றதில் கேபிள் இழையை முறுக்கியும் போடுவது, ஒரு பேஸ் மட்டும் முதலில் போவதற்கு வழி செய்வதாகும். பியூஸ் கம்பி இருந்தும் கட்டையின் பித்தளை முனை கருத்துத் தளர்ந்திருந்தால், அதுவும் பேஸ் வராததற்குச் சமம்.

ஸ்டார்ட்டர் தரும் அடையாளங்கள்

மூன்று பேஸும் சரியாக வந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் அடுத்து ஸ்டார்ட்டரைக் கவனிக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் எந்த ஓசையும் இல்லை: ஓவர்லோடு ரிலே விழுந்த நிலையில் இருக்கலாம்; அல்லது சிவப்புப் பொத்தான் உள்ளேயே சிக்கியிருக்கலாம். ரிலே ஆற இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் நோ-வோல்ட் காயில் கருகியிருக்கலாம். அல்லது அதற்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கலாம்.

அழுத்தும்போது ஓடுகிறது, கையை எடுத்தால் நிற்கிறது: காயிலைத் தொடர்ந்து பிடிக்க வைக்கும் சிறிய துணைக் காண்டாக்ட் அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கிறது. சிறிய பழுதுதான். ஆனால் அதைச் சரி செய்யாமல், பொத்தானில் குச்சியைச் சொருகி ஓட்டுவோர் உண்டு. மின்சாரம் நின்று திரும்ப வரும்போது மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும். பம்பில் கை வைத்திருப்பவர் கதி என்னவாகும்?

ஸ்டார்ட்டர் கடகடவென்று அதிர்கிறது: தாழ்வழுத்தமாக இருக்கலாம், அல்லது காந்த முகத்தில் தூசும் துருவும் படிந்திருக்கலாம். அப்படியே விட்டால் காண்டாக்ட் முனைகள் பொறி பறந்து உருகிவிடும்.

ஸ்டார்ட்டர் இழுத்தும் மோட்டார் உறுமுகிறது: மூன்று காண்டாக்ட்டுகளில் ஒன்று தீய்ந்து சேராமல் இருக்கலாம். கம்பத்தில் மூன்று பேஸ் இருந்தாலும் மோட்டாருக்கு இரண்டுதான் போகிறது. மோட்டாருக்குப் போகும் கேபிளில் ஒரு ஒயர் அறுந்திருந்தாலும் இதே நிலைதான். கொட்டகைகளில் எலி கடித்த ஒயரும், பல்லி, எறும்பு புகுந்த காண்டாக்ட்டும் இதற்குப் பொதுவான காரணங்கள்.

சற்று ஓடிய பின் ரிலே விழுகிறது: மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது என்று பொருள். ரிலேயின் அளவை உயர்த்தி வைப்பது, காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை மாற்றுவது போன்றதாகும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியர் அளவுக்கே நேரடி ஸ்டார்ட்டரின் ரிலே வைக்கப்பட வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே மோட்டாரின் காயில் வழியில் இணைக்கப்பட்டிருந்தால், தகட்டில் உள்ள அளவை 0.58ஆல் பெருக்கி வரும் அளவுக்கு வைப்பது முறை.

ஆம்பியர் மீட்டரைப் படித்தல்

மோட்டார் நல்ல நிலையில், தண்ணீர் நன்றாக வரும் ஒரு நாளில் ஆம்பியர் எவ்வளவு என்று கொட்டகைச் சுவரில் எழுதி வைத்துக் கொள்வது மிகவும் பயனுள்ளது. பிறகு வரும் மாற்றத்தை அதனோடு ஒப்பிடலாம்.

ஆம்பியர் கூடியிருந்தால்: தாழ்வழுத்தம், பேரிங் இறுக்கம், பம்புக்குள் மணல், இம்பெல்லர் உரசல் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். மெயின் சுவிட்சை இறக்கிப் பியூஸ் கட்டைகளையும் கழற்றிய பின், பம்பின் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எளிதில் சுற்றாவிட்டால் கோளாறு மின்சாரத்தில் இல்லை.

ஆம்பியர் குறைந்து தண்ணீரும் வராவிட்டால்: பம்பில் தண்ணீர் நிற்கவில்லை, பூட் வால்வு ஒழுகுகிறது, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறது, அல்லது கிணற்று நீர்மட்டம் இறங்கிவிட்டது. இதற்காக மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆம்பியர் மீட்டர் ஒன்றுமே காட்டாமல் மோட்டார் முனகினால்: மீட்டர் இணைக்கப்பட்டுள்ள பேஸே போய்விட்டது. முள் சுழியில் இருப்பதால் பளு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உடனே நிறுத்த வேண்டும்.

மோட்டார் ஓசையின்றி நன்றாக ஓடியும் தண்ணீர் மிகக் குறைவாக வந்தால், சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். மின்கம்பியில் வேலை நடந்த பிறகு இரண்டு பேஸ்கள் இடம் மாறிவிடுவது உண்டு. பம்பின் மேல் உள்ள அம்புக் குறிக்கு எதிராகச் சுற்றினால், மோட்டாருக்குப் போகும் ஒயர்களில் ஏதேனும் இரண்டை ஒயர்மேனைக் கொண்டு மாற்றிப் பூட்டினால் போதும். இதை அறியாமல் பம்பைப் பிரித்தவர்களும், ஆழ்குழாயில் இருந்து நீர்மூழ்கி மோட்டாரை மேலே தூக்கியவர்களும் உண்டு.

நீர்மூழ்கி மோட்டார்கள்

நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுப்பதே பெரிய செலவு. அதற்கு முன் மேலே இருந்தபடியே இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்ல வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளை ஸ்டார்ட்டரில் இருந்து கழற்றிய பின், மெக்கர் கருவியால் கேபிளுக்கும் நிலத்துக்கும் இடையே மின்காப்பை அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டாரிலோ, கேபிள் இணைப்பிலோ நீர் புகுந்து மின்சாரம் கசிகிறது. அடுத்து, மூன்று ஒயர்களில் இரண்டிரண்டாக எடுத்து ஓம் அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஒன்றாக இருந்தால் காயில் அறுபடவில்லை. இரண்டு சோதனைகளும் சரியாக இருந்தால், மோட்டாரை எடுக்க அவசரப்பட வேண்டாம்; கோளாறு மேலேயே இருக்கக் கூடும்.

காயில் கட்டும் கடையில் கவனிக்க வேண்டியது

மோட்டார் எரிந்தே போனாலும், பிரிக்கும்போது அருகில் இருந்து பார்ப்பது நலம். காயில் தொகுதிகளில் சில மட்டும் கரியாகவும், சில புதிதுபோலவும் சீராக மாறி மாறி இருந்தால், ஒரு பேஸ் இல்லாமல் ஓடியதே காரணம். எல்லாத் தொகுதிகளும் ஒரே மாதிரி கருகியிருந்தால் தாழ்வழுத்தமோ, அதிகப் பளுவோ காரணம். காரணத்தை நீக்காமல் புதுக் காயில் கட்டி ஓட்டினால், அதுவும் விரைவில் எரியும்.

எரியாமல் காக்கும் வழிகள்

ஒரு பேஸ் போனதும் ஸ்டார்ட்டரை நிறுத்தும் தடுப்புக் கருவியைப் பொருத்துவது முதல் வேலை. ஒருமுறை காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை குறைவே. இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டுவதற்காக இக்கருவியின் இணைப்பைக் கழற்றிவிடுவது, காவல் நாயைக் கட்டி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விடுவதாகும்.

5 குதிரைத் திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவுள்ள கெப்பாசிட்டர் பொருத்துவது வழக்கம். இதனால் கம்பியில் ஓடும் மின்சாரம் குறைந்து வோல்ட்டேஜ் சற்று நிமிரும்.

கேபிள் மெலிந்ததாக இருந்தால் வோல்ட்டேஜ் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லி மீட்டர் தாமிரக் கேபிளில் 200 மீட்டர் தூரத்துக்கு ஏழரை ஆம்பியர் போனால் சுமார் 16 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். மோட்டார் தொடங்கும் நேரத்தில் இழப்பு இன்னும் அதிகம். 4 சதுர மில்லி மீட்டர் கேபிள் போட்டால் ஓடும்போது இழப்பு சுமார் 10 வோல்ட்டாகக் குறையும்.

மாதம் ஒருமுறை, மெயின் சுவிட்சை இறக்கிப் பியூஸ் கட்டைகளையும் கழற்றிய பின், திருகுகளை இறுக்கித் தூசைத் துடைக்கச் செய்ய வேண்டும்.

உயிர்ப் பாதுகாப்பு

எந்தக் காரணம் கொண்டும் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் விவசாயிகள் ஏறிப் பியூஸ் போடக் கூடாது. இதில் உயிரிழந்தோர் பலர். கம்பி அறுந்து கிடந்தால் அருகில் செல்லாமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987.

ஈரக் கையோடும், வெறுங்காலோடும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. மின்சாரம் நின்ற பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் முனைகளைத் தொட்டால் தாக்கும்.

மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் இரண்டு தனித்தனி நில இணைப்புகள் இருக்க வேண்டும். கரியும் உப்பும் இட்ட நில இணைப்புக் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். யாரையேனும் மின்சாரம் பிடித்துக் கொண்டால் முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். அது இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். கையால் இழுக்கக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டிய வரிசை

உறுமினால் உடனே நிறுத்துக. மூன்று பேஸையும் பார்க்க. பக்கத்துத் தோட்டத்தில் விசாரிக்க. பியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள், மோட்டார், பம்பு என்று வரிசையாகச் செல்க. இந்த வரிசையைக் கொட்டகைக் கதவில் எழுதி, மடை மாற்றப் போகும் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். இரவில் மோட்டார் போடப் போகிறவர் யாராக இருந்தாலும், உறுமல் கேட்டதும் நிறுத்தத் தெரிந்திருந்தால் போதும். மோட்டார் பிழைக்கும், பயிரும் பிழைக்கும்.